மருமவ வந்தாச்சா?
கேளுங்க, சொல்லுதேன் – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஒரு வாசகி சின்னப் பிள்ளையில பேசுன க-பாஷையப் பத்தி நாலு வரி எழுதியிருந்தாவல்லா, அதுலருந்து இந்த மாசம் வந்த கடுதாசியில பாதிக்கு மேல ரகசிய பாஷையப் பத்திதான். அதனால இந்தத் தடவ மத்த கேள்வி எல்லாத்தையும் அடுத்த இதழுக்குத் தள்ளி வச்சுட்டேன், கோவிச்சுக்கிடாதிய.

கேள்வி: அண்ணாச்சி, நான் ஒரு நாவல் எழுதிட்டு இருக்கேன். 1850 வாக்குல தென்காசியில இருந்து ஆரியங்காவு கணவாய் வழியா புனலூருக்கு பொதிமாட்டுல சரக்கு கொண்டு போற ஒரு கூட்டம். முழுக்க கற்பனை, அப்படி ஒரு சாதியும் கிடையாது ஊரும் கிடையாது. மேல கருப்பட்டி, மல்லி, கருவாடு, அடியில திருட்டுத்தனமா பொகையில. புளியரைச் சாவடியில நிக்கிற சேவகன் காதுல விழுந்தாலும் புரியாத மாதிரி அவங்களுக்குன்னு ஒரு ரகசிய பாஷை வேணும். முந்நூறு சொல் உண்டாக்கிட்டேன். பொகையிலைக்கு 'ழிப்ரா', சேவகனுக்கு 'டொக்மன்', மாட்டுக்கு 'ஸ்ரூவி'. படிச்சுப் பாத்த ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் வேற கிரகத்து ஆளு பேசுற மாதிரி இருக்குங்காங்க. எங்க தப்பு பண்றேன்?
– ஒரு வாசகர், கடையநல்லூர்

பதில்: தம்பி, மொதல்ல சாவடியத் தூக்கி கெழக்க வைங்க. புளியரையில எல்லை இருக்கது இன்னைக்கு. 1956 நவம்பர் 1 வரைக்கும் செங்கோட்டையே திருவிதாங்கூர்லதான் இருந்துச்சு, புளியரையும் அதோட சேர்த்தி. அதனால ஒங்க ஆளுங்க தென்காசியத் தாண்டி செங்கோட்டைக்குள்ள நொழையுறதுக்கு முன்னாலயே அந்தப் பக்கத்துச் சேவகன் மொகத்துல முழிக்கணும், புளியரை மலையேத்தம் வாரப்ப அவங்க வேற ராச்சியத்துக்குள்ள போயி ரொம்ப நேரம் ஆயிருக்கும். பொகையில விசயம் சரியாப் புடிச்சிருக்கிய, 19ஆம் நூற்றாண்டு நடு வரைக்கும் திருவிதாங்கூர்ல பொகையில யாவாரம் அரசாங்கத்தோட ஏகபோகம், வெலைய அவங்க ஏத்தி வச்சதாலதான் களவாக் கொண்டு போறதுக்கு லாபம். கருவாட்டு மூட்டைக்கு அடியில வச்சது ரொம்ப நல்ல யோசனை, அந்த வாடையில பொகையில வாசம் எங்க தெரியப் போவுது.

இப்ப பாஷைக்கு வாரேன். நீங்க உண்டாக்குனது ரகசிய பாஷை இல்ல, அந்நிய பாஷை. ரெண்டும் வேற. 'பாகுபலி' படத்துல காலகேயருக்கு மதன் கார்க்கி கிளிக்கின்னு ஒரு பாஷை உண்டாக்குனாருல்லா, அது அந்நிய பாஷை. கேக்குறவன் 'ஆத்தாடி இவனுவ யாரு'ன்னு பயப்படணும், அதுக்குத்தான் அது, அந்த வேலைய அது அருமையாச் செஞ்சுது. ஒங்க பொதிமாட்டுக்காரனுக்கு வேண்டியது அதுக்கு நேர் எதிரு. சாவடியில நின்னுக்கிட்டு ஒருத்தன் 'ழிப்ரா'ன்னு சொன்னான்னு வைங்க, சேவகனுக்கு அர்த்தம் புரியாதுதான், ஆனா இவனுவ என்னமோ மறைக்கானுவன்னு அந்த நிமிசமே புரிஞ்சு போவும், மூட்டையப் பூரா அவுத்துக் கொட்டச் சொல்லிருவான். அர்த்தத்த ஒளிச்சாப் பத்தாது தம்பி, ஒளிக்கோம்ங்கதையே ஒளிக்கணும்.

எனக்கு இது ஒம்பது வயசுல புரிஞ்சுது. அப்ப நாங்க வளவு வீட்டுல இருந்தோம், ஒரே வளவுல ஏழு குடும்பம், ராத்திரி எல்லாப் பிள்ளைகளும் தார்சாலதான் படுக்கை. நானும் எங்க பெரியப்பா மகளும் க-பாஷை பேசுவோம், ஒவ்வொரு எழுத்துக்கும் முன்னால ஒரு க, 'நான் வாரேன்'ங்கதுக்கு 'கநான் கவாகரேன்'. எங்களுக்கு அது பெரிய கோட்டை மாதிரி. எங்க அத்தை ஒரே சாயங்காலம் அங்கணத்துல ஏனம் வெளக்கிக்கிட்டே கேட்டுக்கிட்டு இருந்தா, மறுநா அவளே எங்ககிட்ட 'கசோகறு கதிங்கக கவா'ன்னு கூப்புட்டா. ஒரே விதிய எல்லாச் சொல்லுக்கும் போட்டா, விதிய ஒரு தடவ புடிச்சவன் மொத்தத்தையும் புடிச்சுருவான். அதனால எழுத்த மாத்துறது, திருப்பிப் போடுறது, நடுவுல ஒண்ணச் சொருவுறது எல்லாம் ஒங்க நாவல்ல வார பிள்ளைகளுக்கு வச்சுக்கிடுங்க, உயிரையும் சரக்கையும் பணயம் வச்சுப் போற ஆம்பளைகளுக்கு அது ஆவாது.

நன்னூல்ல குழூஉக்குறின்னு பள்ளிக்கூடத்துல படிச்சது ஞாபகம் இருக்கா. பொற்கொல்லர் பொன்னப் 'பறி'ம்பாவ, யானைப்பாகர் துணியக் 'காரை'ம்பாவ, வேடர் கள்ளச் 'சொல்விளம்பி'ம்பாவ. பரீச்சைக்கு மனப்பாடம் பண்ணிட்டு விட்டுட்டோம், ஆனா அதுல எவ்வளவு இருக்கு பாருங்க. பறியும் காரையும் தமிழ்ல வேற அர்த்தத்துல ஏற்கெனவே இருக்க சொல்லு, காதுல விழுந்தா யாரும் திரும்பிப் பாக்க மாட்டாவ. சொல்விளம்பி இன்னும் அழகு, உள்ள போனா மனசுல இருக்கத எல்லாம் சொல்ல வச்சுரும், அதனால சொல்விளம்பி. பொருளோட பேரச் சொல்லாம அது செய்யுத வேலையச் சொல்லுதாவ. அந்த வேடனுக்குக் கள்ளு மேல இருந்த பிரியமும் பயமும் சேந்து அந்த ஒத்தச் சொல்லுல இருக்கு. ஒங்க 'ழிப்ரா'வுல அந்தக் கூட்டத்தோட மனசு எங்க இருக்கு? அதோட தமிழ் வாயி ழ-வுல ஒரு சொல்லத் தொடங்கவே தொடங்காது, ட, ஸ்ரூ எல்லாம் அந்தக் காலத்துப் பொதிமாட்டுக்காரன் நாக்குல ஏறவே செய்யாது.

இன்னொண்ணு. இலக்கணத்தத் தொடாதிய. 'வருது', 'போவுது', 'கெடக்கு', 'இருக்காவ' எல்லாம் நம்ம பேச்சாவே இருக்கட்டும், பேரும் ஒண்ணு ரெண்டு வினையும் மாறுனாப் போதும். உலகத்துல நெசமா இருந்த ரகசிய பாஷை நெறைய அப்படித்தான், சொந்த பாஷையோட எலும்புக்கூட்ட அப்படியே வச்சுக்கிட்டு சொல்ல மட்டும் மாத்துவாவ. மைக்கேல் ஹாலிடேன்னு ஒரு மொழியியல்காரர் 1976ல இதப் பத்தி எழுதுனாரு, இத எதிர்மொழின்னு பேரு வச்சு. அவரு எடுத்துக் காட்டுன ஒரு சங்கதி நாவல் எழுதுறவங்க எல்லாரும் தெரிஞ்சுக்கிட வேண்டியது. பக்திபிரசாத் மல்லிக்ங்கிற ஆய்வாளர் கல்கத்தா நிழலுலகத்து ஆளுங்க பேச்ச ஆராய்ஞ்சு 1972ல வெளியிட்டாரு, அதுல போலீசுக்கு மட்டும் 41 சொல்லு, வெடிகுண்டுக்கு 21. யாருக்குப் பயப்படுதோமோ, எதுல பொழப்பு ஓடுதோ, அதுக்குச் சொல்லு குமிஞ்சு கெடக்கும். மரம், செடி, மழை, சோறு இதுக்கெல்லாம் ரகசியச் சொல்லே இருக்காது, எதுக்கு இருக்கணும்? நீங்க முந்நூறு சொல்லு பண்ணியிருக்கிய, அதுல நிலாவுக்கு ஒண்ணு, வாழைப்பழத்துக்கு ஒண்ணு இருக்கும், சேவகனுக்கு ஒண்ணே ஒண்ணுதான் இருக்கும், அது தலைகீழ். தூங்குற சேவகன், காசு வாங்குற சேவகன், புதுசா வந்தவன், வாங்கிக்கிட்டும் காட்டிக் குடுக்கிறவன், இவங்க ஒவ்வொருத்தனுக்கும் ஒரு சொல்லு வேணும்.

நான் ஒண்ணு போட்டுக் காட்டுதேன், புடிச்சா எடுத்துக்கிடுங்க. மொத்த பாஷையையும் கல்யாணப் பேச்சா வைங்க. ஏன்னா பொதிமாட்டோட ஊரு ஊராப் போற ஆம்பளைங்க ராத்திரி தீ மூட்டி உக்காந்து சம்பந்தம் பேசுறது ஒலகத்துல சாதாரணம், எவனும் ஒட்டுக் கேக்க மாட்டான். பொகையில மருமவ. சாவடி பொண்ணு வீடு. சேவகன் மாப்பிள்ளை, அதுலயும் காசு வாங்குறவன் மூத்த மாப்பிள்ளை, புதுசா வந்தவன் தலைதீவாளி மாப்பிள்ளை, காட்டிக் குடுக்கிறவன் சித்தப்பன். லஞ்சம் சீர். காட்டு வழி பின்வாசல். இப்ப பேச விடுங்க:

'பொண்ணு வீட்டுல வெளக்கு எரியுதாடே?'

'எரியுது. மூத்த மாப்பிள்ள முழிச்சுத்தான் இருக்காரு, சீரு கொறஞ்சா முறுக்குவாரு. கூட ஒரு சித்தப்பனும் வந்து உக்காந்திருக்கான்.'

'அப்ப மருமவளப் பின்வாசல் வழியாக் கூட்டிட்டுப் போயிரணும்.'

இதுல ஒரு சொல்லு கூட நீங்க புதுசா உண்டாக்கல. பக்கத்துல படுத்திருக்கிறவன் கேட்டா யாரோ முறைப்பாடு உள்ள குடும்பம் போலன்னு திரும்பிப் படுத்துக்கிடுவான். படிக்கிறவனுக்கு ரெண்டாவது தடவ கேக்கையில முதுகு சில்லுன்னு ஆவும்.

எண்ணு தனியா யோசிக்கணும், யாவாரத்துல ஒளிக்க வேண்டியதுல மொத விசயமே எண்ணுதான். மேலப்பாளையம் சந்தைக்கு செவ்வாக்கெழம எங்க சித்தப்பா கூடப் போயிருக்கேன், துண்டுக்கு அடியில கைய விட்டு வெரலப் புடிச்சு வெல பேசுவாவ, சுத்தி நிக்கிற அத்தன பேருக்கும் வெல பேசுதாவன்னு தெரியும், எவ்வளவுன்னு மட்டும் தெரியாது. சாவடிக்கு முன்னால துண்டப் போட முடியாது, ஆனா மாட்டுப் பல்லு பேசலாம். மாட்டுக்கு வயசு பல்லப் பாத்துத்தான, ரெண்டு பல்லு, நாலு பல்லு, ஆறு பல்லு, எட்டுல கடை சேந்துரும். 'அந்தச் செவலைக்கு எத்தன பல்லு?' 'நாலு, ஒண்ணு ஆடுது'ன்னா மூணு சேவகன் நிக்கான்னு அர்த்தம். எட்டுக்கு மேல போனா ரெண்டு மாட்டப் பத்திப் பேசணும், ஏன்னா அந்தச் சேவகனும் வீட்டுல மாடு வளக்கிறவன்தான், பன்னெண்டு பல்லுன்னு சொன்னா அங்கயே புடிச்சுருவான். இப்படி எங்க மாட்டுவோம்னு யோசிச்சு யோசிச்சு அடைச்சாத்தான் பாஷைக்கு உயிரு வரும்.

இப்ப நான் ஒங்ககிட்ட ஆசையாச் சொல்ல வந்தது. அந்தக் கூட்டத்துல நெசமாவே ஒரு கல்யாணம் வந்தா என்ன ஆவும்? மருமவங்கிற சொல்லு சரக்குக்குப் போயிருச்சு. வீட்டுக்கு வார பொண்ண என்னன்னு கூப்புடுவாவ? 'எங்க வீட்டுப் பிள்ளைய பொகையில பேரு சொல்லி அழைப்பியளாவே'ன்னு ஒரு ஆச்சி மல்லுக்கு நிக்கணும். பொம்பளைங்க தங்களுக்குன்னு வேற ஒரு சொல்லு வச்சுக்கிட்டு, அது ஆம்பளைங்களுக்குத் தெரியாம இருக்கணும், அப்ப ரகசியத்துக்குள்ள ரகசியம். வெளியூர்ல இருந்து கட்டிக் குடுத்து வந்த பொண்ணு மொத ஆறு மாசம் மாமியா மாமனாரு பேசுறதக் கேட்டு, இந்த வீட்டுல எத்தன மருமவதான்யா இருக்காவன்னு தவிச்சுப் போவா. அவளுக்கு யாரு, எப்ப, எதுக்காகச் சொல்லுதாவ? ஒங்க நாவலோட கதவே அதுதான்னு எனக்குப் படுது. படிக்கிறவனும் அவ கூடவே ஒவ்வொரு சொல்லாக் கத்துக்கிடுவான், கடைசிப் பக்கத்துல அருஞ்சொற்பொருள் போட வேண்டியதே இல்ல, தயவுசெஞ்சு போடாதிய.

சொல்லுக்கு வயசும் குடுங்க. ஒரு சேவகன் எப்படியோ 'மருமவ'ளக் கண்டுபுடிச்சுட்டான்னா அடுத்த நடைக்குள்ள சொல்ல மாத்தணும், ஆனா கெழவங்க பழச விட மாட்டாவ, வாய் தவறி வந்துரும், அந்தத் தவறுல ஒரு ஆளே மாட்டலாம். ஒரு முப்பது சொல்லு போதும் தம்பி. மிச்ச இருநூத்தி எழுபதையும் கிழிச்சுப் போட மனசு வலிக்கத்தான் செய்யும், போட்டுருங்க.

கேள்வி: எங்க அப்பா பனையேறுனவரு. அவரு பேசுற பாதிச் சொல் எனக்கே புரியாது. அதுவும் ரகசிய பாஷைதானே?
– ஒரு வாசகி, உடன்குடி

பதில்: இல்லம்மா. முருக்குத்தடி, அருவாப்பெட்டி, விடிலி இதெல்லாம் தொழில் சொல்லு. நீங்க கேட்டா அப்பா பொட்டியத் தொறந்து காட்டி இது இன்னதுன்னு சொல்லிக் குடுப்பாரு, மறைக்க மாட்டாரு. மறைக்கணும்ங்கிற எண்ணம் இருந்தாத்தான் அது குழூஉக்குறி. ஆனா ஒங்க கடுதாசியப் படிச்சதும் எனக்கு மனசு பதறிச்சு, பனையேறுறவங்க கொறஞ்சுக்கிட்டே வாராவ, அந்தச் சொல்லுகளும் அவங்க கூடவே எறங்கிப் போயிக்கிட்டு இருக்கு. இன்னைக்கு ராத்திரியே அப்பா பக்கத்துல உக்காந்து கேட்டு எழுதி வைங்க, போன்ல அவரு கொரல்ல பதிஞ்சு வச்சா இன்னும் நல்லது. பாளை சீவுறதுல இருந்து தொடங்குங்க, கூப்பனி காய்ச்சுறது வரைக்கும் ஒவ்வொண்ணா வரும்.

கேள்வி: எங்க ராத்தாம்மா தமிழ அரபு எழுத்துல எழுதுவாங்க. ஒரு கதையில பெண்கள் மட்டும் இந்த மாதிரி ரகசிய எழுத்துல கடிதம் எழுதிக்கிறதா வைக்கலாமா?
– ஒரு வாசகி, காயல்பட்டினம்

பதில்: அரபுத்தமிழ் ரகசியத்துக்கு வந்தது இல்லம்மா, அத மட்டும் அப்படிக் காட்டிராதிய, ஒங்க ஊருக்காரங்களே வருத்தப்படுவாவ. தமிழ்ல உள்ள ஒலிக்கு அரபியில எழுத்து இல்லாத இடத்துல கூடுதல் குறி போட்டு எழுத்த உண்டாக்கி, மார்க்க நூலும் பாட்டும் வீட்டுக் கடுதாசியும் அதுல எழுதுனாவ. பாஷை தமிழ்தான், உடுப்பு மட்டும் வேற. பொம்பளைங்களுக்குன்னே ஒரு எழுத்து வேணும்னா சீனாவப் பாருங்க, ஹூனான் மாகாணத்துல ஜியாங்யோங்ங்கிற வட்டாரத்துல நூஷுன்னு ஒரு எழுத்து, பொம்பளைங்க மட்டும் எழுதிப் படிச்சது. விசிறியிலயும் துணியிலயும் எழுதி, கட்டிக் குடுத்துப் போற தோழிக்கு அனுப்புவாவ. சின்ன வயசுலயே வழிவழியாக் கத்துக்கிட்டவங்கள்ல கடைசி ஆளுன்னு சொல்லப்படுற யாங் ஹுவானி 2004ல எறந்து போனாவ. ஆம்பளைங்க கண்ணுக்கு முன்னாலயே அந்த விசிறி கெடந்திருக்கும், பூ வேலைன்னு நெனச்சிருப்பாவ. ஒங்க கதையில எழுத்த பாய் ஓரத்துலயோ தலகாணி உறை தையல்லயோ கொண்டு வந்து பாருங்க.

கேள்வி: என் நாவல்ல திருநங்கைகள் வர்றாங்க. அவங்களுக்குள்ள பேசிக்கிற பாஷையில சில சொல்லு எனக்குத் தெரியும், அப்படியே போட்டா நம்பகமா இருக்கும்ல?
– ஒரு வாசகர், பாளையங்கோட்டை

பதில்: போடாதிய. நம்பகம் ஒங்களுக்குக் கெடைக்கும், போறது அவங்களுக்கு. ஒரு கூட்டம் ரகசியமா ஒரு சொல்லு வச்சிருந்தா அதுக்குப் பின்னால பட்ட அடி இருக்கும், அந்தச் சொல்லு அவங்களுக்குக் கவசம். இங்கிலாந்துல பொலாரின்னு ஒண்ணு இருந்துச்சு, நாடகக்காரங்களும் தன்பால் விருப்பமுள்ள ஆம்பளைங்களும் பேசுனது, அங்க 1967 வரைக்கும் ஆம்பளைங்களுக்குள்ள அந்த உறவே சட்டப்படி குத்தம், புடிச்சா ஜெயிலு. 1960கள்ல ஒரு ரேடியோ காமெடி நிகழ்ச்சியில அந்தச் சொல்லுகள எடுத்துப் போட்டாவ, ஊரே சிரிச்சுது, ஊருக்கே அர்த்தமும் தெரிஞ்சு போச்சு, அதுக்கப்பறம் யாருகிட்ட எத மறைக்க? சட்டம் மாறுனதும் சேந்து பொலாரி தேஞ்சே போச்சு. நீங்க உண்டாக்கிக்கிடுங்க, கடையநல்லூர்த் தம்பிக்குச் சொன்ன வழி ஒங்களுக்கும் ஆவும். எழுதி முடிச்சதும் அந்தச் சமூகத்துல ஒருத்தருகிட்ட குடுத்துப் படிக்கச் சொல்லுங்க, அவங்க சொன்னா நீக்க வேண்டியத நீக்குங்க.

கேள்வி: இலக்கணம், எழுத்து எல்லாத்தோடயும் முழுசா ஒரு புது மொழி உண்டாக்க ஆசை. எத்தனை சொல் வேணும்?
– கல்லூரி மாணவர், தென்காசி

பதில்: அது வேற ஆசை, நல்ல ஆசை. பன்னெண்டாம் நூற்றாண்டுலயே ஜெர்மனியில ஹில்டகார்டுன்னு ஒரு கன்னியாஸ்திரி ஆயிரம் சொல்லுக்கு மேல உண்டாக்கி வச்சிட்டுப் போயிருக்காவ. சொல்லு கம்மியாவும் பண்ணலாம், 2001ல சோன்யா லாங் வெளியிட்ட டோக்கி போனாங்கிற பாஷையில சுமார் 120 சொல்லுதான், அத வச்சே ஆளுங்க பேசுதாவ. நீங்க சொல்லப் பெருக்குறதுக்கு முன்னால ஒங்க ஜனம் எங்க குடியிருக்கு, என்ன திங்கு, மாமன் வேற சித்தப்பன் வேறன்னு பிரிக்குமா, எதச் சொல்ல வெக்கப்படும்னு ஒரு நோட்டுல எழுதுங்க. சொல்லு பின்னால தானா வரும்.

கேள்வி: என் ரெண்டு மகள்களும், ஒம்பது வயசு ஒண்ணு ஏழு வயசு ஒண்ணு, அவங்களுக்குள்ள ஒரு பாஷை வச்சுருக்காங்க. எனக்குப் பாதி புரிஞ்சிருச்சு. சோத்துப் பருக்கைன்னா டீச்சராம். புரிஞ்சிருச்சுன்னு சொல்லிரவா?
– ஒரு தாய், அம்பாசமுத்திரம்

பதில்: சொல்லாதிய தாயி. எங்க அத்தை சொன்ன அன்னையோட எங்க க-பாஷை செத்துப் போச்சு, நானும் எங்க அக்காவும் அதுக்கப்பறம் ஒரு வார்த்த கூட அதுல பேசல, இத்தன வருசம் கழிச்சும் எனக்கு அது நெனப்புல இருக்கு. அத்தைய நான் குத்தம் சொல்லல, அவ வெளையாட்டாத்தான் கூப்புட்டா. சோத்துப் பருக்கைன்னு டீச்சருக்குப் பேரு வச்ச பிள்ள எத்தன கவனமாப் பாத்திருக்கணும், அந்த டீச்சர் ஒருவேள பருக்கை செந்தக் கூடாதுன்னு திட்டுறவங்களா இருக்கும். ரெண்டு பேருக்கும் ஆளுக்கு ஒரு நோட்டு வாங்கிக் குடுங்க, படம் வரையன்னு சொல்லிக் குடுங்க, அந்தச் சொல்லெல்லாம் தானா அதுல போயி ஏறிக்கிடும். நோட்ட மட்டும் தொறந்து பாத்துராதிய.